அவரைத் தொட்டவர்கள்

என் மாமனாரை நான்தான் கொன்றுவிட்டேன் என்று ஊர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. ஊருக்கு இருந்த சந்தேகம் எனக்கும் இருந்தது, அதனால்.

கழுத்தை நெரித்தேன் என்றார்கள். அது பச்சைப் பொய். ஆனால் அவர் நெஞ்செலும்பு என் உள்ளங்கைக்குக் கீழே மளுக்கென்று முறிந்தது உண்மை. அந்தச் சத்தத்தை நான் மட்டும்தான் கேட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. எலும்பு முறிந்ததால் அவர் போனாரா, அவர் போன பிறகு எலும்பு முறிந்ததா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை, ஒழுங்காகச் சண்டைகூடப் போட முடியவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வியாதி என்று புரியும்.

நான் தினேஸ்வரி. ஈப்போவில் ஒரு பேரங்காடியில் மீன் பிரிவில் வேலை. செதில் உரிப்பேன், துண்டு போடுவேன், செத்து மூன்று நாளான மீனைப் பார்த்து "இது உயிரோட வந்ததா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாயே என்னை உள்ளே தள்ளப் பார்க்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

என் கணவர் சுகுமாரன் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டு வாரக் கடைசியில் வருவார். ஆக, கோப்பெங் வீட்டில் மற்ற நாளெல்லாம் நானும், ஐயாவு என்ற என் மாமனாரும்தான். பால்மரத் தோட்டத்தை விற்றபோது லயத்தில் இருந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடு அது. சுவர் அவ்வளவு மெல்லிசு. இந்த வீட்டில் கருவாடு பொரித்தால் அடுத்த வீட்டில் சோறு இறங்கும்.

மாமாவும் நானும் சண்டை போடாத நாள் கிடையாது. டிவி சத்தத்துக்கு ஒரு சண்டை, குளித்துவிட்டு ஈரத் துண்டைச் சோபாவில் போடுவதற்கு ஒரு சண்டை, தேத்தண்ணியில் சீனிக்குத் தினம் இரண்டு சண்டை. அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. நான் சீனி போட மாட்டேன், அவர் விட மாட்டார். நான் வேலைக்குப் போய்விட்டு வர நேரமானால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்ததும் "வந்துட்டியா? நிம்மதி போச்சி" என்பார். நான் வரும்வரை அவர் சாப்பிட்டிருக்க மாட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவரும்தான் சொல்லவில்லை.

அவரிடம் ஒரு கெட்ட விளையாட்டு உண்டு. கோபம் வந்தால் செத்த மாதிரி நடிப்பார். நாற்காலியில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து, மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பார். முதல் தடவை நான் அலறியதில் தெருவே கூடிவிட்டது. கண்ணைத் திறந்து, "இப்ப சீனி போடுவியா?" என்று கேட்டார்.

அன்றைக்குப் புதன்கிழமை, எனக்கு லீவு. காலையில் வழக்கமான சீனிச் சண்டை. "பாகான் செராயில என் மக இருக்கா, அவ வீட்டுக்குப் போறேன், அவ போடுவா" என்றார். "தாராளமா போங்க, பஸ்ஸுக்குக் காசு தாரேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் துணி துவைக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. தலை சாய்ந்து, வாய் பிளந்து கிடந்தார். வாளி கையில் கனத்தது. எனக்கு எரிச்சல்.

"மாமா, நடிக்காதீங்க. எந்திரிங்க."

அசையவில்லை.

"எந்திரிங்க மாமா! செத்துத் தொலைஞ்சிட்டீங்களா என்னா? இன்னைக்கு நீங்க என்னா நடிச்சாலும் சீனி கெடயாது!"

இப்படி நின்று கத்தினேன். நன்றாகவே கத்தினேன். பிறகு கையைப் பிடித்து இழுத்தேன். கை வந்தது, அவர் வரவில்லை.

பேரங்காடியில் எங்களுக்கெல்லாம் முதலுதவிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்து நெஞ்சை அமுக்கச் சொன்னார்கள். நாங்கள் சிரித்துச் சிரித்து அமுக்கினோம். அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது ஞாபகம் வந்தது. மாமாவை நாற்காலியிலிருந்து கீழே இழுத்துப் போட்டேன். வாயில் எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பல் செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். இரண்டு கையையும் நடு நெஞ்சில் வைத்து அமுக்கினேன். ஒவ்வொரு அமுக்குக்கும் "எந்திரி, எந்திரி" என்று கத்தினேன். மரியாதையெல்லாம் அப்போது வரவில்லை.

அப்போதுதான் அந்த மளுக். என் கை அப்படியே கூசிவிட்டது. முறிந்தால் நிறுத்த வேண்டுமா, நிறுத்தக் கூடாதா என்று பயிற்சியில் சொன்னார்களா என்றே ஞாபகம் இல்லை. நிறுத்தவில்லை. கை மரத்துப்போய் இனி தூக்கவே முடியாது என்றானபோதுதான் நிறுத்தினேன்.

பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"ஐயோ! என்னா புள்ள, மாமா வுழுந்துட்டாரா?"

நான் ஆமென்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு தலையாட்டலுக்குப் பிறகு உண்மையைச் சொல்வது நேரம் ஆக ஆகக் கஷ்டமாகிவிட்டது. முள் தொண்டையில் சிக்கின மாதிரி, மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

கிளினிக்கிலிருந்து ஆள் வந்து பார்த்து, போய்விட்டார் என்றார். போலீஸ் வந்தது. வயதானவர், இனிப்பு நீர், நாற்காலியிலிருந்து விழுந்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டு, காரியம் செய்யச் சீட்டுக் கொடுத்துவிட்டுப் போனது. சுகுமாரன் வேலையிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்பே பாகான் செராயிலிருந்து அவருடைய அக்கா மங்களம் வந்துவிட்டார்.

மங்களம் அண்ணி உள்ளே நுழைந்ததும் முதலில் பார்த்தது அப்பாவின் வாயைத்தான். அது இன்னும் திறந்தேதான் கிடந்தது.

"இத்தன பேரு இருக்கீங்க, ஒருத்தருக்குக்கூடத் தாட கட்டணும்னு தோணலியா?"

தோன்றியிருக்க வேண்டும்தான். உயிர் போன கையோடு தாடையைத் தூக்கிக் கட்டிவிட வேண்டும், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். நல்லம்மாள் அக்கா கால் கட்டிவிட்டார், தாடையை மறந்துவிட்டார். வாய் திறந்தபடி போனால் ஆசை அடங்காமல் போனார் என்று பேசுவார்கள். அண்ணி தன் தோளில் கிடந்த ஷாலை உருவினார். ஓரத்தில் மணி கோத்த ஷால். அதற்குள் தாடை விறைத்துவிட்டது. ஒரு கையால் தாடையை மேலே தள்ளி, மறு கையால் துணியைச் சுற்றி, உச்சந்தலையில் இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். முடிச்சுப் போடும்போது "அப்பா, அப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கும் அழுகை வந்தது.

சாயங்காலம் பார்த்தபோது ஷால் இல்லை, வெள்ளைத் துணி கட்டியிருந்தது. யார் மாற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. எழவு வீட்டில் ஆளுக்கொரு கை வைப்பார்கள்.

மறுநாள் காலையில் குளிப்பாட்டுவதற்காகக் கட்டை அவிழ்த்தார்கள். தாடைக்குக் கீழே, கழுத்தில், குறுக்காக ஒரு கோடு. பழுப்பு நிறத்தில், காய்ந்த தோல் மாதிரி.

அண்ணி போட்ட கூச்சலில் மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று சேர்ந்துகொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நல்லம்மாள் அக்காவை யாரோ கேட்க, அவர் கேட்டதைச் சொன்னார். நான் கத்தியதில் "செத்துத் தொலை" என்ற துண்டு, பிறகு தொம் தொம் என்று ஏதோ இடித்தது, நடுவில் நான் அலறியது. அவர் பொய் சொல்லவில்லை, சுவர் மெல்லிசு. பல் செட்டு மேசைமேல் கிடந்ததை இன்னொருத்தி கண்டுபிடித்தாள். "அடிச்ச அடியில பல்லு கழண்டிருக்குலா" என்றாள். கூட்டத்தில் ஒரு கிழவர், "தெனம் மீன் வெட்டுற கை. அதுக்கு என்னா நடுக்கம் வரப்போவுது?" என்றார். அந்தக் கிழவருக்கு நான்தான் கழிவு விலையில் கெம்போங் மீன் வாங்கிக் கொடுப்பேன். இனி கிடையாது.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பழமொழி. என் விஷயத்தில் அணைத்த கையையே அடித்த கை என்றார்கள்.

நானும் விடவில்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் கொடுத்தேன். ஆனால் "நெஞ்சை அமுக்கினேன்" என்பது மட்டும் வாயில் வரவில்லை. அதைச் சொன்னால் மளுக்கையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மிச்சத்தை அவர்களே முடித்துவிடுவார்கள்.

அண்ணி போலீசில் புகார் கொடுத்தார். போலீஸ் சார்ஜன் வந்து காரியத்தை நிறுத்தினார். மாமாவை வேனில் ஏற்றி ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். சுகுமாரன் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். கண் வீங்கியிருந்தது.

"தினேஷு... நீ ஒன்னும் பண்ணலல்ல?"

கூட்டம் சொன்னதெல்லாம் என்னைத் தைக்கவில்லை. இது தைத்தது. அவரைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஈப்போ ஆஸ்பத்திரியின் பின்பக்கம் சவக்கிடங்கு. அங்கே பெஞ்சில் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு கோடியில் நான், மறு கோடியில் அண்ணி, நடுவில் பாலம் மாதிரி சுகுமாரன். செத்தவர்களை அறுத்துப் பார்க்கிற டாக்டர் என்றால் உயரமாக, முறைத்துக்கொண்டு, பேசாத ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். வந்தவர் என் தோள் உயரம் இருந்த ஒரு தமிழ்ப் பெண். ஐம்பது வயது இருக்கும். காலில் பிளாஸ்டிக் செருப்பு, தலையில் பூப்போட்ட கிளிப். எங்களைத் தாண்டிப் போய், அடுத்த பெஞ்சில் அழுதுகொண்டிருந்த சீனக் கிழவி முன்னால் குந்தி உட்கார்ந்து, கான்டனீஸில் மெதுவாக ஏதோ பேசினார். அவசரமே படவில்லை. கிழவி அழுது முடிக்கும்வரை குந்தியே இருந்தார். எனக்கு முட்டி வலித்தது, அவருக்கு வலிக்கவில்லை.

பிறகு எங்களிடம் வந்தார். "நான் டாக்டர் பெட்ரீசியா. ஐயாவ நாளைக்குக் காலையில நான்தான் பாக்கப் போறேன். அதுக்கு முன்னாடி உங்க ஒவ்வொருத்தரோடயும் தனியா பேசணும்."

என் முறை வந்தது. சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. காலையிலிருந்து எல்லாரும் என்னைக் கேட்டது "என்ன செய்தாய்?" என்றுதான். இவர் முதலில் மாமாவைப் பற்றிக் கேட்டார். என்ன மருந்து, நடந்தால் மூச்சு வாங்குமா, என்ன சாப்பிடுவார், எப்போது தூங்குவார். சீனிச் சண்டையைச் சொன்னேன். செத்த மாதிரி நடிப்பதைச் சொன்னேன். டாக்டர் சிரித்தார். செத்தவரைப் பற்றிச் சொன்னதற்கு ஒருவர் சிரித்தது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"அவரு போனப்பறம் உடம்ப யார் யார் தொட்டீங்க? கால் கட்டுனது, பல் செட்டு எடுத்தது, தாட கட்டுனது, எல்லாம் எனக்கு வேணும். யாரையும் மாட்டி விடறதுக்கு இல்ல. மனுஷங்க கை பட்டதுக்கும் சாவு பட்டதுக்கும் வித்தியாசம் பாக்கணும், அதுக்குத்தான்."

பல் செட்டை நான் எடுத்ததைச் சொன்னேன். கீழே படுக்க வைத்ததைச் சொன்னேன். அதோடு வாய் நின்றுவிட்டது. டாக்டர் காத்திருந்தார். அவர் காத்திருப்பது தெரிந்தே நான் சொல்லவில்லை.

"சரிம்மா," என்றார். "அவரு மிச்சத்த எனக்குச் சொல்லுவாரு."

மறுநாள் மதியத்துக்கு மேல் எங்கள் மூன்று பேரையும் அதே அறைக்குக் கூப்பிட்டார்கள். சார்ஜன் கதவோரம் நின்றார். மங்களம் அண்ணி அதே ஷாலைத் துவைத்துப் போட்டிருந்தார். பாகான் செராயிலிருந்து கிளம்பிய வேகத்தில் மாற்றுத் துணி எடுத்து வரவில்லை. டாக்டர் உட்கார்ந்தார். முகத்தில் களைப்பு தெரிந்தது. காலையிலிருந்து மாமாவோடுதான் இருந்திருக்கிறார்.

"முதல்ல ஒன்னு கேக்கணும். ஐயாவோட நெஞ்ச அமுக்கி உயிரக் கொண்டு வரப் பாத்தது யாரு?"

சுகுமாரன் விழித்தார். "யாரும் இல்லியே டாக்டர். கிளினிக்காரங்க நாடி பாத்ததோட சரி."

"யாரோ அமுக்கியிருக்காங்க. சரியான எடத்துல, நடு நெஞ்சுல. கொஞ்ச நேரம் இல்ல, ரொம்ப நேரம். லேசுல விட மனசில்லாத ஆளு."

சொல்லிவிட்டு டாக்டர் மேசையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் மறுத்திருப்பேன்.

"நான்தான்," என்றேன்.

"பாத்தீங்களா!" அண்ணி எழுந்தேவிட்டார். "அப்பா வுழுந்தாருன்னு சொன்னா! இப்ப அமுக்குனேங்கறா! கேளுங்க சார், கேளுங்க!"

"உக்காருங்கம்மா. நீங்க பேசலாம், நான் முடிச்சிக்கறேன்." டாக்டர் குரலை உயர்த்தவில்லை. அண்ணி உட்கார்ந்தார்.

இனி என்ன இருக்கிறது என்று தோன்றியது. எல்லார் முன்னாலும் கேட்டேன். "எலும்பு முறிஞ்சிச்சி டாக்டர். சத்தம் எனக்குக் கேட்டிச்சி. அதுக்கப்பறமும் நான் நிறுத்தல. நான்தான் அவரக் கொன்னுட்டேனா?"

 

"ஒரு எலும்பு இல்ல, ரெண்டு பக்கமும் சிலது முறிஞ்சிருக்கு," என்றார் டாக்டர். "வயசான எலும்பு. சரியா அமுக்குனா முறியும். எங்க ஆஸ்பத்திரியில நாங்க அமுக்குனாலும் முறியும். அடிச்சா, மிதிச்சா இந்த எடத்துல இந்த மாதிரி முறியாது. இப்ப நான் சொல்றத நல்லா கேளுங்க. நமக்கு எங்கயாச்சும் இடிச்சிக்கிட்டா ரத்தம் கட்டி நீலமாவுதுல்ல? இதயம் ஓடிக்கிட்டு இருந்தாதான் ரத்தம் அப்படிக் கசியும். முறிஞ்ச எலும்பு ஒவ்வொன்னயும் சுத்தி நான் பாத்தேன். ரத்தக் கட்டு இல்ல. நீங்க அமுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இதயம் நின்னு போச்சி."

எனக்கு உடனே புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சலிக்காமல் இன்னொரு தடவை சொன்னார்.

இதயத்துக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டிருந்ததாம். இதயத்தில் ஒரு பழைய தழும்பும் இருந்ததாம். முன்பே ஒரு தடவை மாரடைப்பு வந்து, யாருக்கும் தெரியாமல், அவருக்கே தெரியாமல் ஆறியிருக்கிறது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சில சமயம் வலியே தெரியாதாம். இதையெல்லாம் அவர் சொல்லும்போது நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தை ஒட்ட வெட்டிய, சின்னக் கை. நான் தினமும் கத்தி பிடிக்கிறவள். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தால் என் வேலை முடிந்தது. அதே கத்தியை வைத்துக்கொண்டு இந்தம்மாள் ஒரு மனிதருடைய கடைசி நிமிஷத்தைத் தேடி எடுத்து வந்திருக்கிறார். யாரும் பார்க்காத நேரத்தில், யாரும் நம்பாத ஒருத்தி என்ன செய்தாள் என்பதைச் செத்தவர் உடம்பிலிருந்து படித்து வந்திருக்கிறார். கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

ஆனால் என் நாக்கு சும்மா இருக்குமா?

"டாக்டர், இன்னொன்னு. நடிக்கிறாருன்னு நெனச்சி கொஞ்ச நேரம் கத்திக்கிட்டு நின்னேன். ஒடனே அமுக்கியிருந்தா பொழச்சிருப்பாரா?"

டாக்டர் என்னை நேராகப் பார்த்தார்.

"அது எனக்குத் தெரியாதும்மா. குழாய் அடைச்சிருக்கறதப் பாத்தா கஷ்டம்தான். ஆனா கண்டிப்பான்னு சொல்ல முடியாது. தெரியாதத தெரியும்னு நான் சொல்ல மாட்டேன்."

வேறு யாராக இருந்தாலும் "அதெல்லாம் பொழச்சிருக்க மாட்டாரு, மனச போட்டு அலட்டிக்காதீங்க" என்று முதுகில் தட்டியிருப்பார்கள். நானே அப்படித்தான் பேசுவேன். இவர் தட்டவில்லை. அந்தக் கேள்வி இனி என்னோடுதான் இருக்கும், அதைத் தூக்கிக்கொண்டுதான் நான் நடக்க வேண்டும். ஆனால் இதில் பொய் சொல்லாதவர் எலும்பு விஷயத்திலும் பொய் சொல்லியிருக்க மாட்டார். எனக்கு அப்போதுதான் வாய்விட்டு அழுகை வந்தது.

சுகுமாரன் என் தோளில் கை வைத்தார். தட்டிவிட்டேன். அவரோடு பேச வேண்டியதற்கு வேறு ஒரு நாள் இருக்கிறது.

"அப்போ கழுத்து?" என்றார் மங்களம் அண்ணி. "எங்கப்பா கழுத்துல இருந்தது என்னா டாக்டர்? அது தானா வந்துச்சா?"

"அதுக்குத்தான் வாரேன்." டாக்டர் நாற்காலியை அண்ணி பக்கம் திருப்பிக்கொண்டார். "உயிரோட இருக்கறப்ப கழுத்த நெரிச்சா உள்ள தசையில ரத்தம் கட்டும். கண்ணுல சிவப்புப் புள்ளி வரும். சில நேரம் தொண்டை எலும்புகூட முறியும். நான் ஒவ்வொரு தசையா விலக்கிப் பாத்தேன். ஒன்னும் இல்ல. மேல்தோல் மட்டும் அழுந்திக் காஞ்சிருக்கு. உயிர் போனப்பறம் ஏதோ ஒரு துணி கழுத்துல ரொம்ப நேரம் இறுகிக் கெடந்திருக்கு. அந்தக் கோட்டுல சின்னச் சின்னதா குழி இருக்கு, வரிசையா. ஓரத்துல மணி வச்ச துணி."

அண்ணியின் கை ஷாலின் ஓரத்துக்குப் போனது. போய், அங்கேயே நின்றுவிட்டது.

"நல்லம்மாள் அம்மா நேத்து போன்ல என்கிட்ட சொன்னாங்க. சாயந்தரம் பாக்கறப்ப ஷால் கழுத்துக்கு எறங்கியிருந்திச்சாம். எழவு வீட்டுல கலர் துணி வேணாம்னு அத அவுத்துட்டு வெள்ளத் துணி கட்டுனாங்களாம், முடிச்சி ரொம்ப இறுக்கம், கஷ்டப்பட்டுத்தான் அவுத்தாங்களாம். அத அவங்க பெருசா நெனைக்கல. பல் செட்டு இல்லாம தாட சிறுத்துப் போயிடும்மா. துணி நிக்காது, வழுக்கும். வெறைச்ச தாடைய மூடறதுக்கு நீங்க இறுக்கித்தான் கட்டணும். நாங்க கிறிஸ்டியன், ஆனா நானும் தோட்டத்துல பொறந்தவதான். எங்கம்மாவுக்கு நான்தான் தாட கட்டுனேன். நீங்க செஞ்சதுல தப்பு ஒன்னும் இல்ல."

சார்ஜனிடம் மலாயில் இரண்டு வார்த்தை சொன்னார். இயற்கை மரணம் என்பது எனக்குப் புரிந்தது. சார்ஜன் தலையசைத்துவிட்டு வெளியே போனார்.

இதுதான் என் நேரம். இரண்டு நாளாகப் பட்டை தீட்டி வைத்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. கொலைகாரி என்று தெருவில் நின்று கத்தினீர்களே, அந்தக் கோட்டைப் போட்டது யார் கை? போலீசைக் கூப்பிட்டீர்களே, இப்போது யாரைப் பிடிக்கச் சொல்லப் போகிறீர்கள்? இதைக் கேட்க எனக்கு உரிமை இருந்தது. சுகுமாரனும் அதைத்தான் எதிர்பார்த்தார். பயத்தோடு என்னைப் பார்த்தார்.

அண்ணி ஷாலைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். மணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரைத்தான் பார்த்தார். அவ்வளவு பெரிய குரல் இருந்த மனுஷி, காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும் அளவுக்குப் பேசினார்.

"டாக்டர்... நான் இழுத்துக் கட்டுனப்ப அப்பாவுக்கு வலிச்சிருக்குமா?"

அசட்டுக் கேள்விதான். செத்துப் பல மணி நேரம் கழித்துக் கட்டியது. ஆனால் அந்த மாதிரி ஒரு கேள்வியோடு இரண்டு நாள் குடித்தனம் நடத்தியவள் நான். அது எப்படிக் குடையும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்.

"வலிக்கல அண்ணி. அவருக்கு ஒன்னுமே தெரியாது. அவரு அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிட்டாரு."

அண்ணி என்னை நம்புவதா என்று தெரியாமல் டாக்டர் முகத்தைப் பார்த்தார்.

"அவங்க சொல்றது சரி," என்றார் டாக்டர்.